முப்பத்தொன்றாம் கல்

கல்லுக்கு வாய் இருந்தால், "எங்களை இன்னும் எத்தனை தடவைதான் தூக்கி வைப்பீர்கள்" என்றுதான் அந்த வளாகத்தில் முதலில் கேட்டிருக்கும். அப்படி ஒரு பாடு பட்டிருந்தன அவை.

ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு அரசன் கட்டிய சின்னக் கற்கோயில் அது. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்மேல் கல் உட்கார்ந்து, தன் கனத்திலேயே நின்றது. பிறகு கூரையில் ஒரு மரம் முளைத்து, வேர் உள்ளே இறங்கி, தெற்குச் சுவர் வெளியே சாய்ந்தது. நாற்பத்தாறு வருடங்களுக்கு முன்னால் அரசாங்கத்து ஆட்கள் வந்து, அடித்தளத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுவர் முழுவதையும் பிரித்தார்கள். ஒவ்வொரு கல்லின் மேல்முகத்திலும் சிவப்பு பெயின்டில் வரிசை எண்ணும் கல் எண்ணும் போட்டுப் பக்கத்து வெளியில் அடுக்கினார்கள். அடுத்த வருடமே திரும்பக் கட்டிவிடுவதாகப் பேச்சு. அதிகாரி மாறினார், வரைபடம் தொலைந்தது, எல்லோரும் கை கழுவினார்கள். கற்கள் முட்புதருக்குள் கிடந்தன.

இப்போதுதான் திரும்பக் கட்ட ஒரு குழு வந்திருந்தது. குழு என்றால் பெரிய படை இல்லை. எந்நேரமும் மடியில் கணினியோடு திரியும் இளம் இன்ஜினியர் ஒருவர். உளி பிடித்தே வலது தோள் இறங்கிப்போன மேஸ்திரி. ஊர் உலகத்தில் எதுவுமே சரியில்லை என்று நம்பும் கிரேன்காரர். கூலியாட்கள் ஆறு பேர். அப்புறம் பதிவேடு எழுதும் கேள்வியக்கா.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது கிரேன்காரர். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. ஒரு கல்லைத் தூக்கினால், அதன் அடியில் ஏன் பாசி இல்லை என்பாள். இறக்கினால், இது ஏன் மற்றதைவிட வெளுப்பாக இருக்கிறது என்பாள். நாற்பத்தைந்து வயதில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தேகம் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அவளோ துணி டேப்பும் பென்சிலுமாக ஒவ்வொரு கல்லின் நீளம், அகலம், இரண்டு பக்கச் சாய்வு எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டே போனாள்.

ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சிவப்பு எண்களை எழுதியது யார் என்று. வந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் தொங்கும் நாற்காலி மாதிரி ஒரு நான்கு. இடுப்பில் கோடு போட்ட ஏழு. அந்த நான்கையும் ஏழையும் அவள் சின்ன வயதில் நூறு கடைப் பலகைகளில் பார்த்திருக்கிறாள். அவை அவள் அப்பாவின் கையெழுத்து.

அப்பா போர்டு எழுதும் பெயின்டர். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே நூல் பிடித்து மூன்று தடவை அளக்காமல் பிரஷ்ஷைத் தொடமாட்டார். ஒருமுறை ஒரு முடிதிருத்தும் கடையில், கடைசி எழுத்து அரை விரல் இறங்கிவிட்டது என்று பலகை முழுவதையும் சுரண்டி மறுபடி எழுதினார். கடைக்காரர் திறப்புவிழாவை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தாராம்.

அப்படிப்பட்ட மனுஷன் எழுதிய எண்கள்தான் இப்போது தப்பு என்றார்கள்.

மூன்று வாரமாக நடந்தது இதுதான். அடித்தளத்துக்குப் பக்கத்திலேயே தரையில் அதே அளவுக்குச் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, முதல் வரிசைக் கற்கள் அறுபத்தொன்றையும் எண்படி அடுக்கிப் பார்த்தார்கள். கதவு இருந்த இடத்தில் தொடங்கி, இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுச்சுற்று. ஒட்டவில்லை. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே மேலே விரல் நுழைந்தது, கீழே முஷ்டி நுழைந்தது. மூலைக் கற்கள் மூலைக்குத்தான் வந்தன, ஆனால் இடது கால் செருப்பை வலது காலில் போட்ட மாதிரி நின்றன. இரண்டாம் வரிசையும் அதே கதை. ஒவ்வொன்றும் அரை டன், ஒரு டன். சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு ஆட முடியாது.

வியாழக்கிழமை காலையில் இன்ஜினியர் முடிவெடுத்தார். நல்ல பையன்தான். முகம் தொங்கிப்போய்தான் சொன்னார்.

"அக்கா, அறிக்கையில இப்படி எழுதிக்கங்க. 'முன்பு எண் எழுதியவரின் கவனக்குறைவால் கற்களின் வரிசை நம்பத் தகுந்ததாக இல்லை. மூலைக் கற்களை மட்டும் அடையாளம் கண்டு, மற்றவற்றுக்குத் தோராயமாக எண் இட்டிருக்கிறார். எனவே புதிய கற்களால் சுவர் எழுப்பப் பரிந்துரைக்கிறோம்.' சனிக்கிழமை காலையில அனுப்பிடணும். அன்னிக்கே கிரேனும் போயிடும்."

"பழைய கல்லெல்லாம்?"

"பாதைக்கு அடியில போட்டு நிரப்பச் சொல்லியிருக்காங்க."

"யாரோ குடிச்சுட்டு எழுதியிருப்பான்," என்றார் கிரேன்காரர், கேட்காமலேயே.

அவள் பென்சில் 'கவனக்குறைவால்' என்ற சொல்லில் நின்றுவிட்டது. அப்பாவை யாரும் பெரிய ஆள் என்று சொன்னதில்லை. சொத்து சேர்க்கவில்லை, பெயர் வாங்கவில்லை. கவனம் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, அந்த வரியை அவர் மகள் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள்.  பென்சிலை அழுத்திப் பிடித்து அந்த வரியை எழுதி முடித்தாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு சுண்ணாம்புக் கட்டத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். எதிரே முப்பத்தொன்றாம் கல். இந்தக் கலவரத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்த ஒரே கல் அதுதான். பின்சுவரின் நட்டநடுவில் ஒரு மாடம் உண்டு; அந்த மாடத்தின் அடிப்பகுதி அதன் முகத்தில் செதுக்கியிருந்தது. இரண்டாம் வரிசையிலும் அப்படித்தான். ஐம்பத்தொன்பது கல்லில் முப்பதாவது மட்டும் சரியாக மாடத்தில் வந்து நின்றது. அதிர்ஷ்டம் என்றார் மேஸ்திரி.

அதிர்ஷ்டம் ஏன் இரண்டு தடவையும் ஒரே இடத்தில் வந்து உட்கார வேண்டும் என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. குத்துமதிப்பாக எழுதியவனுக்கு அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று சரியாகியிருக்க வேண்டும். இது அப்படி இல்லை. எப்போதும் பின்பக்கம். எப்போதும் நடு.

டப்பா சதுரமானது. முன்னால் ஒரு கொக்கி. கை சும்மா இருக்காமல் துணி டேப்பை எடுத்து டப்பாவைச் சுற்றினாள். கொக்கிதான் கதவு. கொக்கிக்கு வலப்பக்கம் ஒன்று, அப்படியே சுற்றி வந்தால் இடப்பக்கம் அறுபத்தொன்று. பின்பக்கம் நடுவில் முப்பத்தொன்று. சரி. டேப்பைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். கொக்கிக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அறுபத்தொன்று. எல்லா எண்ணும் இடம் மாறிவிட்டது.

பின்பக்கத்து முப்பத்தொன்று மட்டும் அசையவில்லை.

அவளுக்குச் சோறு மறந்துபோனது. பதிவேட்டைப் பிரித்தாள். இதுவரை எல்லோரும் ஏழாம் கல்லின் வலப்பக்கத்தோடு எட்டாம் கல்லின் இடப்பக்கத்தைத்தான் ஒட்டவைக்கப் பார்த்தார்கள். அவள் ஏழின் இடப்பக்கச் சாய்வையும் எட்டின் வலப்பக்கச் சாய்வையும் பார்த்தாள். பொருந்தியது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் பொருந்தியது. பன்னிரண்டு ஜோடிகள் பார்த்தாள், நூல் பிசகவில்லை. அப்பா எண்ணில் தப்பில்லை. இவர்கள் சுவரைப் புத்தகம் மாதிரி இடமிருந்து வலமாகப் படித்திருக்கிறார்கள். அவரோ கதவுக்கு இடப்பக்கம் தொடங்கி, கருவறையைத் தன் வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். கோயிலுக்குள் நுழைகிற யாரும் நடக்கிறபடி, வலம் வந்திருக்கிறார்.

சந்தோஷத்தில் எழுந்தவள் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அப்பாவா? வலமா?

அவர் கோயில் வாசலைத் தாண்டாத ஆள். அம்மா உள்ளே போய்வரும் வரை வெளியே செருப்புகளுக்குக் காவல் நிற்பார். "உள்ள இருக்கிற சாமிக்குப் பூட்டு இருக்கு, செருப்புக்கு நான்தானே இருக்கேன்" என்பார். மூன்று வாரமாக வலம் என்கிற எண்ணமே அவள் தலைக்குள் வராததற்குக் காரணமும் அதுதான். எழுதியது வேறு யாராவதாக இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள். அப்பாவை அவ்வளவு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இன்ஜினியரிடம் போய்ப் பதிவேட்டை விரித்தாள். அவர் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"காகிதத்துல சரியா வர்ற மாதிரிதான் இருக்கு. ஆனா அக்கா, மறுபடியும் அறுபத்தொரு கல்லையும் பிரிச்சு அடுக்கணும். கிரேன் நாளைக்குப் போகுது. மேல எல்லாத்தையும் சொல்லியாச்சு. இப்ப இதுவும் தப்பாயிட்டா என் தலைதான் உருளும்."

"எல்லாம் வேண்டாம் தம்பி. பத்துக் கல்லு போதும்."

"ஏன் இவ்ளோ பிடிவாதம்? இது நம்ம தப்பு இல்லையே. எவனோ ஒரு பெயின்டர் செஞ்சது."

"அந்தப் பெயின்டர் எங்க அப்பா," என்றாள்.

இன்ஜினியர் கணினியை மூடினார். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"எண்ணைப் பார்த்த அன்னிக்கே தெரியும். சொன்னா நான் அவருக்காகப் பேசுறேன்னு நினைப்பீங்கன்னு சொல்லல. இப்ப அவருக்காகத்தான் பேசுறேன். அவர் பேரைக் கெடுத்து நானே எழுதிட்டு வீட்டுக்குப் போக முடியாது தம்பி. பத்துக் கல்லு வைங்க. ஒட்டலேன்னா அந்த அறிக்கையில நானே கையெழுத்துப் போடுறேன்."

யாரும் பதில் சொல்வதற்குள் கிரேன்காரர் வண்டியில் ஏறிவிட்டார். நேற்றுத் தான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்திருந்தது. "எந்தக் கல்லை மொதல்ல தூக்கணும்? சும்மா நின்னுட்டிருந்தா வெயில்தான் ஏறும்," என்று இன்ஜினைக் கிளப்பினார்.

முதல் கல் கதவுக்கு இடப்பக்கம் இறங்கியது. இரண்டாம் கல் தொங்கியபடி வந்து அதன் பக்கத்தில் நின்றது. மேஸ்திரி கடப்பாரையால் மெல்ல நெம்பினார். இரண்டு கல்லும் சேர்கிற இடத்தில் ஒரு சத்தம் வந்தது. கல்லோடு கல் இடிக்கிற சத்தம் இல்லை, கனமான பெட்டியின் மூடி பதிகிற சத்தம். மேஸ்திரி குனிந்து தன் கத்தியை இடுக்கில் வைத்துப் பார்த்தார்.

"நுழையல," என்றார். பிறகு மேலே ஒரு இடத்தில், கீழே ஒரு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி, "எங்கயும் நுழையல அக்கா," என்றார்.

பத்துக் கல் என்பது மத்தியானத்துக்குள் பத்தொன்பது ஆனது. மூலைக்கல் தன் நீளப் பக்கத்தைச் சரியான திசையில் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் விளிம்பில் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய சிற்பி ஒருவன் செதுக்கிய கொடி ஒன்று இருந்தது. பக்கத்துக் கல்லில் அறுந்து கிடந்த கொடியோடு அது போய்ச் சேர்ந்துகொண்டது. கேள்வியக்கா அழுதாள். மறைக்கவெல்லாம் இல்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அளவு எழுதினாள். இன்ஜினியர் தன் அறிக்கையைத் திறந்து அந்தப் பத்தியை அவள் கண் முன்னாலேயே அழித்தார். கிரேனை இன்னும் ஒரு மாதம் நிறுத்திவைக்க மேலே பேசவும் செய்தார். கிரேன்காரர் மட்டும், தான் முதலிலிருந்தே சந்தேகப்பட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது. முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வீடு முழுக்க நடப்பாள். மகள் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுதாம்மா புரியல. அப்பா எதுக்கு வலமா சுத்தினார்?"

அம்மா ஒரு தலையணை உறையை உதறினாள். "அவர் எங்க சுத்தினார்? நான் சுத்தினேன். அவர் பின்னால வந்தார்."

"நீ அங்க இருந்தியா?"

"பின்ன? டின்னை யார் பிடிச்சது? நீ வயித்துல அஞ்சு மாசம். வீட்ல தனியா இருக்காதேன்னு கூட்டிட்டுப் போனார். அவர் சாரத்து மேல, நான் கீழ. டின்னுல கயிறு கட்டி, அதை என் கையில வச்சிருந்தேன். பெயின்ட் வேணும்னா நான் ஏத்தி விடணும். மொத நாளே சுவரை இடக்கைப் பக்கம் வச்சுக்கிட்டு நட, எழுத அதுதான் வசதின்னார். வயித்துப் பிள்ளையோட கோயிலை மாத்திச் சுத்த மாட்டேன்னுட்டேன். கோயிலே இல்லை, வெறும் கல்லுன்னார். உங்களுக்குக் கல்லு, எனக்கு இல்லைன்னேன்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு நாள் பேசல மனுஷன். ஆனா பெயின்ட் என் கையில இருக்கு. வேற எந்தப் பக்கம் போவார்?"

கேள்வியக்காவும் சிரித்தாள். செருப்புக்குக் காவல் நின்ற மனுஷன், ஏழு வரிசைக்கு ஏழு சுற்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கயிற்றுக்குப் பின்னாலேயே வலம் வந்திருக்கிறார். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தவள், அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

"கடைசி நாள் அவர் ஒண்ணு சொன்னார்," என்றாள் அம்மா. தலையணை உறை கையிலேயே இருந்தது. "எல்லா வரிசையிலயும் மொதல் கல்லு மேல ஒரு அம்புக்குறி போடணும், எந்தப் பக்கமா போகுதுன்னு தெரியணும்னார். வெயில்ல எனக்குத் தலை சுத்திட்டிருந்தது. கோயிலை எந்தப் பக்கம் சுத்துறதுன்னு ஊர் உலகத்துக்கே தெரியும், அதுக்கு அம்பு வேற போடணுமா, வாங்க வீட்டுக்குன்னு சத்தம் போட்டேன். பிரஷ்ஷைக் கழுவிட்டு வந்துட்டார்."

உறையின் ஓரத்தை விரலால் நீவினாள். பிறகு, "அப்ப அவருக்குக் கெட்ட பேர் வரப் பார்த்தது என்னாலயா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல மகளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் அம்மாவிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, அம்மாவும் அதை நம்புகிற ஆள் இல்லை. "ஆமாம்மா," என்றாள். "ஆனா அவர் வலமா போனதும் உன்னாலதான்."

அம்மா உறையை நான்காக மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். 

அடுத்த புதன்கிழமை முதல் வரிசை முழுவதும் அடித்தளத்தின்மேல் ஏறிவிட்டது. இரண்டாம் வரிசையை இறக்க வேண்டிய நேரத்தில் வளாகத்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினாள். மகள் கூப்பிடவில்லை, அவளாகவே வந்திருந்தாள். கையில் ஒரு பை. பைக்குள் சின்ன டின்னில் சிவப்பு பெயின்டும், கடையில் புதிதாக வாங்கிய ஒரு பிரஷ்ஷும்.

இன்ஜினியர் தயங்கினார். பழைய கல்லில் புதிதாக எதுவும் எழுதக் கூடாது என்பது விதி. பிறகு மேல்முகம்தானே, மூடிக்கொள்ளும் என்று அவராகவே சொல்லிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக் கணினியைப் பார்த்தார். மேஸ்திரி ஒரு மரப்படியைக் கொண்டுவந்து போட்டு, "பார்த்து ஏறுங்கம்மா," என்று கை கொடுத்தார்.

அம்மா முதல் கல்லின்மேல் குனிந்தாள். மகள் டின்னைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எழுதிய ஒன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அம்மா ஒரு கோடு இழுத்து நுனியில் இரண்டு சின்னக் கோடு போட்டாள். அம்பு இரண்டாம் கல்லைப் பார்த்தது. கொஞ்சம் கோணல்தான்.

"இதை அவர் பார்த்திருந்தா சுரண்டிட்டு மறுபடி போடச் சொல்லுவார்," என்றாள் அம்மா.

"இப்படியே இருக்கட்டும்மா."

பெயின்ட் காயும் வரை எல்லோரும் நின்றார்கள். வேலை கெடுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை, கிரேன்காரர்கூட. அம்மா கல்லின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தபடி அந்த எண்ணையும் அம்பையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, கையை எடுத்துக்கங்க," என்றார் கிரேன்காரர் மேலிருந்து, மெதுவாக. "கல்லு வருது."